ஓவியருக்குக் கைகொடுக்கும் வீட்டுப் பொருள்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: கண்டி மாவட்டத்துப் பன்வில போன்ற ஊரிலிருந்து ஓவியம் வரைவதென்றால் எல்லாச் சாமான்களுக்கும் கண்டிக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

உண்மை: கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொருவ குகை விகாரையின் சுவரோவியங்கள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அத்தகைய ஓவியங்களை வரைந்த கண்டிய ஓவியர்கள் புல்லிலும் தாழை வேரிலும் தூரிகை செய்ததையும், விளாம்பிசினில் வர்ணம் குழைத்ததையும் கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். சுற்றியிருந்த பொருளின் குணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் அந்த அறிவுதான் முதலில் வேண்டும்.

நம்பிக்கை: எண்ணெய் வர்ணத் தூரிகையை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால்தான் சுத்தமாகும்.

உண்மை: ஊறப்போட்டால் தூரிகையின் நுனி வளையும், முடி பிடிப்பு விட்டு உதிரும், மூடிய அறையில் மண்ணெண்ணெய் ஆவி உடலுக்கும் கேடு. பழைய சாரத் துணியால் வர்ணத்தைத் துடைத்துவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டுத் தூரிகையைப் பிசையுங்கள். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்திருந்தால் கைச்சூடே இளக்கிவிடும். பிறகு நுரை வெள்ளையாக வரும்வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தேங்காயெண்ணெய் காயாத எண்ணெய். முடியில் தங்கினால் அடுத்த படத்தின் வர்ணமும் காயாது.

நம்பிக்கை: மழைக்குப் பயந்து படத்தைப் பொலித்தீனில் இறுகச் சுற்றிவைப்பதே பாதுகாப்பு.

உண்மை: நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்து மூட்டம் வீட்டுக்குள்ளும் வந்துவிடும். ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பொலித்தீன் அந்த ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது. துவைத்த பருத்திப் போர்வையால் மூடி, நிலத்தில் படாமல் இரண்டு மரச்சட்டங்களின் மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் அறையின் ஜன்னலைத் திறந்து விடுங்கள்.

நம்பிக்கை: தாளில் வரைந்த படம் கிழிந்தால் பின்பக்கம் செலோடேப் ஒட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது?

உண்மை: சில வருடங்களில் முன்பக்கத்திலேயே தெரியும். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். அந்தக் கறையைப் போக்குவது மிகக் கடினம். பழைய தாள்களைப் பழுதுபார்ப்பவர்கள் கோதுமை மாச்சத்துப் பசையையே பயன்படுத்துகிறார்கள். தேவைப்பட்டால் நனைத்துப் பிரித்துவிடலாம்.

நம்பிக்கை: வர்ணம் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவதால் ஒன்றும் ஆகாது.

உண்மை: இந்த நம்பிக்கை வீட்டையே எரிக்கக்கூடியது. எண்ணெய் வர்ணத்திலுள்ள லின்சீட் எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, நெருப்பே இல்லாமல் துணி தானாகத் தீப்பற்றக்கூடும். பழைய பால்மா டின்னில் தண்ணீர் விட்டுத் துணியை அமிழ்த்தி உலோக மூடியால் மூடுங்கள். அல்லது வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.

வேலை முடிந்ததும் படத்தை விட்டு விலகிவிடும் துணி, டின், சவர்க்காரம் போன்றவற்றை வீட்டிலிருந்தே தாராளமாக எடுங்கள். படத்தோடு தங்கிவிடும் தாள், பசை, வர்ணம் ஆகியவற்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முதலாவதில் மிச்சமாகும் காசை இரண்டாவதில் போடுங்கள்.