படித்தது மனதில் தங்க

அன்புள்ள கயல்,

விடிய விடியப் படித்த பாடம் பரீட்சை முடிந்த கையோடு மறந்துபோகிறதே, ஏன் என்று கேட்டிருந்தாய். உனக்கு ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953-இல், 27 வயதில், அவருக்கு ஹார்ட்ஃபோர்டில் அறுவை சிகிச்சை நடந்தது. காதுகளுக்கு நேர் உள்ளே, மூளையின் இருபுறமும் ஆழத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை மருத்துவர் ஸ்கோவில் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிய நிகழ்ச்சி எதுவும் மொலேசன் மனதில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து போய்ச் சற்று நேரத்தில் திரும்பி வந்தால், புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அறுவைக்கு முந்தின சில ஆண்டுகளும் மங்கிவிட்டன. சிறுவயது நினைவுகள் மட்டும் பத்திரமாக இருந்தன.

பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். இரட்டைக் கோட்டில் வரைந்த நட்சத்திரம். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்தபடி, கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். மூன்றே நாளில் கை பழகிவிட்டது. அப்படியொரு பயிற்சி செய்ததே அவருக்கு ஞாபகமில்லை!

இதிலிருந்து சில உண்மைகள் புலப்பட்டன. கைப்பழக்கத்துக்கு மூளையில் தனி வழி உண்டு. நிகழ்ச்சிகளும் செய்திகளும் பதிய ஹிப்போகேம்பஸ் வேண்டும். நாளடைவில் அவை மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணியில் வேரூன்றிவிடுகின்றன. அதனால்தான் மொலேசனின் பழைய நினைவுகள் தப்பின.

வேரூன்றுவது ஒரே இரவில் முடிகிற வேலையில்லை. நீடித்த நினைவுக்கு நரம்பணுக்கள் புதிய புரதங்களை உண்டாக்கி, தங்களுக்குள் இணைப்புகளை வலுப்படுத்த வேண்டும். எரிக் காண்டல் என்ற விஞ்ஞானி இதைக் கடல் நத்தையில் ஆராய்ந்து காட்டி, 2000-இல் நோபல் பரிசு பெற்றார். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பழக்கியபோதுதான் நத்தைக்கும் நினைவு நீடித்தது.

தூக்கத்துக்கும் இதில் பங்குண்டு. எலி விழித்து நடமாடியபோது சேர்ந்து துடித்த ஹிப்போகேம்பஸ் நரம்பணுக்கள், அது உறங்கும்போதும் சேர்ந்தே துடித்ததை 1994-இல் வில்சன், மெக்நாட்டன் என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். மூளை பகலில் கண்டதை உறக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. கண்விழித்துப் படிக்கும்போது நீ இழப்பது அந்த நேரத்தைத்தான்.

ஆகவே இன்று படித்ததை நாளை மறுநாள் புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பரீட்சைக்கு முந்தின இரவு, நேரத்தோடு படுத்துவிடு.

அன்புடன்,
சித்தப்பா