உங்கள் காதில் பிழையில்லை, அம்மா

அன்பின் அம்மா அவர்களுக்கு,

ஸ்காபரோவிலிருந்து நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதம் கிடைத்தது. "யாழ்ப்பாணத்தில இருக்கிற தங்கச்சிக்கு எடுத்தால் மணி அடிக்குது, அவ எடுக்கிறா, மணி நிக்குது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் கதைக்கிறது முழுக்க அவவுக்குக் கேட்குதாம். பிறகு வைபரில எடுத்துச் சொல்லுறா" என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே, காதுக் கருவியின் பற்றரியை இரண்டு தரம் மாற்றியதையும், காது வைத்தியரிடம் நாள் கேட்டிருப்பதையும் சொல்லியிருந்தீர்கள். அந்த இடத்தில் எனக்கு மனம் கனத்துப் போயிற்று. இதே முறைப்பாட்டுடன் இன்னும் பலர் எழுதுகிறார்கள். அவர்களில் வயதானவர்கள் எல்லாரும் முதலில் தங்கள் காதைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆகவே உங்கள் பெயரைக் குறிக்காமல் இந்தப் பதிலை எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

வைபரில் தங்கச்சியாரின் குரல் தெளிவாகக் கேட்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் காது நன்றாகத்தான் இருக்கிறது. பிழை பெரும்பாலும் உங்கள் வீட்டு இணையப் பெட்டிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

பழைய செப்புக் கம்பித் தொலைபேசியில் மணியும் குரலும் ஒரே கம்பியில் வந்தன. மணி அடித்தால் குரலும் வரும். நீங்கள் பாவிக்கும் இணையத் தொலைபேசி அப்படியல்ல. மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது எல்லாவற்றையும் எஸ்.ஐ.பி என்ற ஒழுங்கு பார்த்துக்கொள்கிறது. குரலைச் சுமப்பது ஆர்.டி.பி என்ற வேறொன்று. இரண்டும் வேறு வேறு வழியால் போகின்றன. அதனால்தான் மணி ஒழுங்காக அடித்தும் குரல் வராமல் போகிறது. உங்கள் குரல் போகும் வழியும் தங்கச்சியாரின் குரல் வரும் வழியும்கூடத் தனித்தனி. ஒன்று திறந்திருக்க மற்றது அடைபடலாம்.

ஏன் அடைபடுகிறது? தொலைபேசியை இணையத்தோடு இணைக்கும் அந்தச் சின்ன அடப்டர், அழைப்பைத் தொடங்கும்போது, "எனக்கு வரும் குரலை இந்த முகவரிக்கு அனுப்புங்கள்" என்று ஒரு முகவரி எழுதி அனுப்புகிறது. அதற்குத் தெரிந்ததோ வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் இலக்கம் அது. ஊரில் "கோயிலடி, பூவரசு நிக்கிற வீடு" என்றால் போதும், யாரும் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அதையே ரொறன்ரோவிலிருந்து போடும் கடித உறையில் எழுதினால் கடிதம் எங்கே போகும்? நிறுவனத்தின் கணினி குரலை அனுப்பத்தான் செய்கிறது. போய்ச் சேர இடமில்லை. உங்கள் குரல் மட்டும் தடையில்லாமல் போவதற்குக் காரணம், வீட்டிலிருந்து வெளியே போகிறதை இணையப் பெட்டியான ரவுட்டர் மறிப்பதில்லை. கேட்காமல் உள்ளே வருகிறதைத்தான் மறிக்கும்.

இது யாரோ ஒருவரின் கவனக்குறைவால் வந்ததல்ல. இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தமாகவே ஏறக்குறைய 430 கோடி இலக்கங்கள்தான் உண்டு. உலகத்துக்கு அது போதாது. ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரே வெளி முகவரி, உள்ளே இருக்கிற கருவிகளுக்கு உள் முகவரிகள் என்ற ஏற்பாடு 1990களில் வந்தது. அந்த உள் முகவரிகளுக்கு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கும் விதி வெளியானதும் ஆர்.டி.பி முதலில் வெளியானதும் ஒரே வருடம், 1996இல். இரண்டும் அன்றிலிருந்தே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கின்றன.

இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் எழுதிய முகவரியை நம்பியிருப்பதில்லை. உங்கள் குரல் உண்மையில் எந்த முகவரியிலிருந்து வந்ததோ, அங்கேயே மறுகுரலைத் திருப்பி அனுப்புகின்றன. பிறகும் ஏன் தொல்லை வருகிறது என்றால், நடுவில் இருக்கும் ரவுட்டர் உதவி செய்யப் புறப்படுவதால். எஸ்.ஐ.பி ஏ.எல்.ஜி என்று ஒரு வசதி பல ரவுட்டர்களில் இருக்கிறது. அடப்டர் எழுதிய முகவரியை வழியில் பிரித்துத் திருத்துவதுதான் அதன் வேலை. அது அரைகுறையாகத் திருத்தினால் இரண்டு பக்கமும் குழம்பிவிடும். என் அனுபவத்தில் ஒரு பக்கம் கேட்காத வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அதை நிறுத்திவிடுவதே நல்லது.

சென்ற மாரியில் மார்க்கம் நகரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அவவுக்கும் உங்களுக்கு வந்த அதே தொல்லை. இணைய நிறுவனத்துக்கு எடுத்தபோது, வேகம் போதாது, கூடின விலைத் திட்டத்துக்கு மாறுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள், அவவும் மாறிவிட்டா. எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. நல்ல தரத்தில் ஒரு குரல் போவதற்கு ஒரு பக்கத்துக்கு நூறு கிலோபிட்டுக்கும் குறைவாகவே வேண்டும். அது இப்போதைய எந்த இணைப்பிலும் ஒரு மூலைக்குக் காணாது. வேகக் குறைவென்றால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும், கரகரக்கும். ஒரு பக்கம் மட்டும் அடியோடு இல்லாமல் போகாது.

பேஸ்மென்டில் இறங்கிப் பார்த்தேன். ஃபர்னஸுக்குப் பக்கத்துத் தட்டில், நிறுவனம் தந்த பெட்டி ஒன்று, அதன் வாலில் பேரன் வாங்கிப் போட்ட வைஃபை ரவுட்டர் ஒன்று, அதன் வாலில் அடப்டர். இரண்டாவது ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால், வெளி முகவரி என்று அது காட்டியதும் 192.168இல் தொடங்கியது. வெளி முகவரியே இன்னொரு பெட்டியின் உள் முகவரியாக இருந்தால், நடுவில் இரண்டு வாசல் இருக்கிறது என்று அர்த்தம். அடப்டரைக் கழற்றி நிறுவனத்தின் பெட்டியிலேயே செருகினேன். பேரனின் ரவுட்டரில் ஏ.எல்.ஜி திறந்துதான் இருந்தது, அதையும் நிறுத்தினேன். அடப்டரின் மின்சாரத்தை எடுத்து ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி கொடுத்தேன். பெரியம்மா கொழும்புக்கு எடுத்தா. "ஓம், கேட்குது, கேட்குது" என்று கத்தின கத்து மேல்மாடி வரைக்கும் போனது.

உங்கள் வீட்டிலும் இரண்டு பெட்டி இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் தொல்லை எப்போது தொடங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. புதிதாக ஏதாவது பெட்டி வந்த கிழமையோடு அது பொருந்துகிறதா என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் எந்தப் பெட்டியையும் தொடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. ஸ்காபரோவிலேயே இருக்கும் ஒருவருக்கு எடுங்கள். அவரின் குரல் நன்றாகக் கேட்டு, யாழ்ப்பாணம் மட்டும் கேட்கவில்லை என்றால் வீட்டுப் பெட்டிகளில் கை வைக்க வேண்டாம். பிழை பெரும்பாலும் தொலைபேசி நிறுவனம் வெளிநாட்டு அழைப்பை அனுப்பும் பாதையில் இருக்கிறது, அவர்கள்தான் மாற்ற வேண்டும். பல நிறுவனங்களில் எதிரொலிச் சோதனைக்கென்று ஓர் இலக்கம் உண்டு. அதற்கு எடுத்துப் பேசினால் உங்கள் குரலே திரும்பி வரும். வந்தால் உங்கள் வீட்டு வாசல் இரு பக்கமும் திறந்திருக்கிறது.

இணைய நிறுவனத்தின் பெட்டியில் ஏ.எல்.ஜியை நிறுத்தும் இடம் சிலவேளை மறைந்திருக்கும். அப்போது தொலைபேசி நிறுவனத்திடம் எஸ்.ஐ.பியின் வழக்கமான 5060 போர்ட் அல்லாத வேறு போர்ட்டை, அல்லது மறைகுறியாக்கிய இணைப்பைக் கேளுங்கள். எழுத்தைப் படிக்க முடியாத பெட்டியால் அதைத் திருத்தவும் முடியாது. பேச்சு எப்போதும் அரை நிமிடம் கழிந்து, 32 விநாடி அளவில் அறுந்துபோனால் அதுவும் இதே குடும்பத்து நோய்தான். எடுத்தாயிற்று என்ற செய்திக்கு மறுமொழி வராமல் எஸ்.ஐ.பி அவ்வளவு நேரம்தான் காத்திருக்கும்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். அடப்டரை இணையத்துக்கு முழுக்கத் திறந்துவிடச் சொல்லிச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். குரல் வரத்தான் வரும். அதோடு உலகம் முழுக்க 5060ஐத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் திருட்டுக் கணினிகளும் வரும். நடுச்சாமத்தில் 100, 1000 போன்ற இலக்கத்திலிருந்து மணி அடிக்கும், எடுத்தால் ஆளிருக்காது. தனியே இருக்கிற வயதானவர்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை.

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் 911 என்ற அவசர இலக்கம். கனடாவில் இணையத் தொலைபேசி நிறுவனங்கள் 911 சேவை தர வேண்டும் என்று தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பான சி.ஆர்.டி.சி 2005இல் கட்டளையிட்டது. ஆனால் எங்கும் கொண்டுபோகக்கூடிய அடப்டரிலிருந்து எடுத்தால், முதலில் ஓர் இடைப்பணியாளர் எடுத்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார். அவர் கேட்பது உங்களுக்குக் கேட்காமல் போகக்கூடாது. திருத்தி முடிக்கும் வரைக்கும் அவசரத்துக்குக் கைத்தொலைபேசியிலேயே எடுங்கள். சோதித்துப் பார்க்க 911க்கு ஒருபோதும் எடுக்க வேண்டாம். தொலைபேசி நிறுவனத்திடம் பதிந்திருக்கும் முகவரி இப்போதைய வீட்டு முகவரிதானா என்பதை இன்றைக்கே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

தொலைபேசி நிறுவனத்துக்கு எடுக்கும்போது "போன் வேலை செய்யேல்லை" என்று சொல்லாதீர்கள். "நான் கதைப்பது மற்றப் பக்கத்துக்குக் கேட்கிறது, மற்றப் பக்கம் கதைப்பது எனக்குக் கேட்கவில்லை, இத்தனை மணிக்கு இந்த இலக்கத்துக்கு எடுத்தேன்" என்று சொல்லுங்கள். நேரத்தையும் இலக்கத்தையும் கொடுத்தால் அந்த அழைப்பின் பதிவைத் தேடி எடுத்து, தங்கள் பக்கத்திலிருந்து குரல் எந்த முகவரிக்குப் போனது என்று பார்ப்பார்கள்.

எல்லாம் சரிவந்ததும் இரவு 9 மணிக்குத் தங்கச்சியாருக்கு எடுங்கள். கோடைகாலத்தில் அங்கே அப்போது விடிய 6.30. அவ என்ன சொன்னா என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.