போர் விளையாட்டு: பெட்டியின் எடையும் ஆட்டத்தின் எடையும்

வரலாற்றுப் போர்களை மேசைமீது ஆடிப் பார்க்கும் ‘வார்கேம்’களைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் பாஸ்தா கதையைச் சொல்லிவிடுவார். 1979-இல் அமெரிக்காவின் எஸ்.பி.ஐ. நிறுவனம் ‘தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா’ என்ற பெட்டியை வெளியிட்டது. வடிவமைத்தவர் ரிச்சர்ட் பெர்க். பாலைவனத்தில் நிற்கும் இத்தாலியப் படைகளுக்குப் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் ஒதுக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி உண்டு. ஆட்டம் முழுதாக முடிய ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பார்கள். கதை உண்மைதான். அதைக் கேட்டுவிட்டுப் புதியவர்கள் எடுக்கும் முடிவுகளில்தான் கோளாறு.

நம்பிக்கை: இந்த விளையாட்டுகள் எல்லாமே இப்படித்தான்.

இதே வட ஆப்பிரிக்கப் போரை 1964-இலேயே அவலான் ஹில் நிறுவனம் ‘ஆஃப்ரிகா கோர்’ என்று வெளியிட்டிருந்தது. அதிலும் ஜெர்மானியத் தளபதி ரோமல் உண்டு, டோப்ரூக் கோட்டை உண்டு, ஜெர்மானியருக்குக் கப்பலில் சரக்கு வந்து சேருமா என்ற கவலையும் உண்டு. அந்தக் கவலை ஒரு பகடை உருட்டலில் தீர்ந்துவிடும். தண்ணீர், பெட்ரோல், குண்டு எல்லாம் சேர்ந்து ஒரே ‘சரக்கு’ அட்டைச் சில்லு. ஒரு விடுமுறை நாள் போதும். ஒரே பாலைவனம், ஒரே போர். ஒன்று தலைமைத் தளபதியின் பார்வை, மற்றொன்று கிடங்குக் கணக்கரின் பேரேடு. ஆகவே எந்தப் போரைப் பற்றியது என்பதை வைத்து ஆட்டத்தின் கடினத்தை ஊகிக்க முடியாது.

நம்பிக்கை: வரைபடம் பெரிது, சில்லுகள் அதிகம் என்றால் சிக்கலும் அதிகம்.

இதுதான் பலரைக் கடை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. ‘ஆக்ஸிஸ் அண்ட் அலைஸ்’ பெட்டியில் உலகம் முழுதும் வரைபடமாக விரியும்; பிளாஸ்டிக் டாங்கிகளும் கப்பல்களும் கொட்டிக் கிடக்கும். ஆனாலும் அது குடும்பத்தோடு உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். மறுபுறம் ஜான் ஹில் வடிவமைத்த ‘ஸ்குவாட் லீடர்’ (1977). முதல் களம் ஸ்டாலின்கிராட் நகரின் சில கட்டடங்கள்தான். ஓர் அறுகோணக் கட்டம் 40 மீட்டர், ஒரு சுற்று இரண்டு நிமிடம். இதன் வழிவந்த ‘அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்’ (1985) தடித்த கோப்பு ஒன்றில் விதிகளை அடுக்கி வைத்திருக்கிறது. இந்தத் துறையின் கனமான ஆட்டங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

காரணம் எளிது. மேலிருந்து பார்த்தால் ஒரு படைப்பிரிவு வெறும் எண். தரையில் இறங்கினால் சுவர் கண்ணை மறைக்கிறதா, புகை எவ்வளவு, மேலதிகாரி பக்கத்தில் இருக்கிறாரா, வீரன் பதறிவிட்டானா என்று ஒவ்வொன்றுக்கும் விதி வேண்டியிருக்கிறது.

எனவே சில்லுகளை எண்ணுவதை விட, ஒரே ஒரு தாக்குதலுக்கு எத்தனை விஷயம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவது நல்லது. ‘ஆஃப்ரிகா கோர்’ பாணி ஆட்டத்தில் இரு தரப்பு பலத்தையும் கூட்டி விகிதம் பார்த்து, பகடை உருட்டி, அட்டவணையில் விடை காண வேண்டும். ‘ஸ்குவாட் லீடர்’ பாணியில் தொலைவு, பார்வைக்கோடு, மறைவிடம், தலைவரின் தரம், இலக்கு நகர்ந்ததா என்று கேள்விகள் நீளும். பதிப்பகங்கள் பல தங்கள் விதிப்புத்தகங்களை இலவசமாகத் தரவிறக்கத் தருகின்றன. வாங்குமுன் தாக்குதல் பகுதியை மட்டும் படித்தாலே பாதி தெரிந்துவிடும்.

நம்பிக்கை: புத்தகம் தடிமனாக இருந்தால் கற்பது கடினம்.

பல புத்தகங்களில் பக்கங்களின் கணிசமான பங்கு களங்களைத் தொடங்கும் முறை, எடுத்துக்காட்டு ஆட்டம், வரலாற்றுக் குறிப்பு என்று போய்விடும். 8.4, 8.41 என்று சட்டப் புத்தகம்போல எண்ணிட்டிருப்பதும் ஆட்டத்தின் நடுவே சட்டென்று புரட்டிப் பார்க்கத்தான். முதல் பக்கத்திலிருந்து நெட்டுருப் போட வேண்டியதில்லை.

நம்பிக்கை: விதிகள் குறைவென்றால் ஆட்டம் எளிது.

இந்தத் தவறு இன்னும் நுட்பமானது; ‘ட்வைலைட் ஸ்ட்ரகிள்’ (2005) அதற்கு அருமையான சாட்சி. அனந்தா குப்தாவும் ஜேசன் மாத்யூஸும் உருவாக்கிய பனிப்போர் ஆட்டம் இது. ஒருவர் அமெரிக்கா, ஒருவர் சோவியத் யூனியன். விதிகளை ஒரு மாலையில் படித்துவிடலாம். ஆனால் கையில் இருக்கும் சீட்டுகளில் சில எதிரிக்குச் சாதகமானவை. அவற்றின் புள்ளிகளை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் சீட்டில் உள்ள நிகழ்வு எதிரிக்காக நடந்தேறிவிடும். போதாததற்கு ‘டெஃப்கான்’ என்ற அணுப்போர் எச்சரிக்கை அளவு 5-இல் தொடங்கி இறங்கும். அது 1-ஐத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. யாருடைய முறையில் தொட்டதோ அவர் தோற்றார். இறக்கியது எதிரியின் நிகழ்வாக இருந்தாலும் தோல்வி உங்களுக்கே. இந்த வலையில் விழாமல் தேறிய புதியவர் அரிது. விதி ஒரே வரிதான். எந்தச் சீட்டு எப்போது ஆபத்து என்பது ஆடி ஆடித்தான் பிடிபடும்.

‘போர்டுகேம்கீக்’ என்ற பலகை விளையாட்டு இணையதளத்தில் தரவரிசையின் உச்சியில் பல ஆண்டுகள் இருந்த இந்த ஆட்டத்துக்கு அங்கே கடின அளவு ஐந்துக்கு மூன்றரையை ஒட்டி வரும். விதிகளின் அளவு, நேரம், யோசிக்கும் பாடு எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அதைத் தந்தவர்களும் பெரும்பாலும் விரும்பி வாங்கி ஆடியவர்கள். பழகியவர் ‘சுமார்’ என்பது புதியவருக்கு மலை. எண்ணை நம்பலாம், இரண்டு வார்கேம்களை ஒப்பிடும்போது மட்டும்.

நம்பிக்கை: விதி கூடக்கூட உண்மைப் போருக்கு நெருக்கம்.

இதைப் போர்வீரர்களே கைவிட்டுவிட்டார்கள். பிரஷ்யப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்பீல்’ வரைபடம், பகடை, இழப்பு அட்டவணைகளோடு படையில் பயிற்சியாகப் பரவியது. நாளடைவில் அட்டவணைகள் பெருகின. ஆட்டம் நத்தைபோல் நகர்ந்தது. 1876-இல் ஜெனரல் வேர்டி டு வெர்னுவா அட்டவணைகளையும் பகடையையும் ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு என்ற முறையை முன்வைத்தார். போரைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததா?

நம்பிக்கை: கணினியில் ஆடினால் சுலபம், கணக்கை அது பார்த்துக்கொள்ளும்.

கணக்கைப் பார்த்துக்கொள்ளும், விளக்கத்தை உங்கள் தலையில் கட்டிவிடும். ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’-இல் (2016) தாக்குதல் ஏன் நின்றது என்று தேடினால் சரக்குத் தட்டுப்பாடா, படையின் ஒழுங்கு குலைந்ததா, களத்தின் அகலம் போதவில்லையா என்று திரைக்குத் திரை அலைய வேண்டும். மேசை ஆட்டத்தில் கணக்கு போட்டவர் நீங்கள் என்பதால் தோற்ற காரணம் கண்ணெதிரே இருக்கும். என்னைக் கேட்டால் தொடக்கத்துக்கு மேசை ஆட்டமே மேல்.

நம்பிக்கை: எதிராளி கிடைக்காமல் கற்க முடியாது.

இரு தரப்பையும் ஒருவரே நகர்த்திப் பழகுவது இந்தத் துறையில் சர்வசாதாரணம். சில்லுகள் எல்லாம் வெளிப்படையாகக் கிடக்கும் அறுகோண வரைபட ஆட்டங்கள் அதற்கு ஏற்றவை. ‘கியூபெக் 1759’ போன்ற மரக்கட்டை ஆட்டங்களில் முகப்பு எதிராளிக்குத் தெரியாமல் இருப்பதுதான் ருசி; விதிகள் சில பக்கங்களே என்றாலும் தனியாக ஆடினால் சப்பென்று போகும். வார்கேம் பதிப்பகமான ஜி.எம்.டி.யின் பெட்டிகளின் பின்புறம் கடினத்துக்கு ஓர் அளவும், தனியாட்டத்துக்கு எவ்வளவு ஏற்றது என்பதற்கு இன்னோர் அளவும் 9-க்கு இத்தனை என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் பெட்டி வாங்குபவர் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.