அறம் நடந்து வந்த வழி
(சமய நிலநூல் – ஒரு பாடம்)

ஒரு சமயம் எங்கெங்குப் பரவிற்று என்பதை அறிய விரும்புவோர், அதனைச் சுமந்து சென்றவர் எவ்வழியே, எவ்வாறு சென்றனர் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பௌத்தம் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக மன்னரின் ஆதரவுடன் கடல் கடந்து இலங்கை சேர்ந்தது. பின்னர் வணிகக் கூட்டங்களுடன் நடு ஆசியப் பாலை வழியாகச் சீனம் அடைந்தது. கிறித்தவம் உரோமப் பேரரசின் சாலைகளையும் துறைமுகங்களையும் பற்றிப் படர்ந்தது. இசுலாம் அரேபிய வணிகர்தம் மரக்கலங்களுடன் கீழைக் கடற்கரைகளை எட்டியது.

நம் சமணமோ காலால் நடந்து பரவிய சமயமாகும். துறவியர் ஊர்தி ஏறார். மழைக்காலம் நான்கு திங்களும் உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் ஓரிடத்தில் தங்குவர். ஆற்றைக் கடக்க ஓடம் ஏறுதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. இலங்கையில் பாண்டுகாபய மன்னன் அனுராதபுரத்தில் நிகண்டருக்கு உறைவிடம் அமைத்தான் என மகாவம்சம் கூறுவதால், நம்மவர் கடலை முற்றும் கடந்திலர் எனல் பொருந்தாது. எனினும் பண்டைச் சமணத்தின் பெரும்பரப்பு, பாதங்கள் நடந்து சென்ற நிலப்பரப்பே.

செட்டிகுளத்திலிருந்து ஒரு படம்

இதனை நம் இளைஞர் எளிதில் உணர ஒரு வழி கூறுவோம். தமிழக வரைபடத்தில் பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்தில் ஒரு புள்ளி இடுக. ஏகாம்பரேசுவரர் கோயிலாலும், கையில் கரும்பேந்திய தண்டாயுதபாணி குன்றாலும் பலரும் அறிந்த ஊர் இது. இவ்வூரை நடுவாகக் கொண்டு நாற்புறமும் நோக்குவோம்.

தெற்கே சிராப்பள்ளிக் குன்றில் முனிவர் தங்கிய குகையும் கற்படுக்கைகளும் உள்ளன. அதற்கும் தெற்கே சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த படுக்கை உள்ளது. மேற்கே கரூரை அடுத்த புகலூர் ஆறுநாட்டார் மலையில், செங்காயபன் என்னும் அமணருக்குச் சேர மரபினர் உறைவிடம் அளித்த செய்தி கல்லில் உள்ளது. வடக்கே செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்களும், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியும் காணலாம். வடகிழக்கே, இன்று திருப்பாதிரிப்புலியூர் எனப்படும் பாடலிகாவில், கி.பி. 458இல் சர்வநந்தி முனிவர் உலக அமைப்பை விளக்கும் லோகவிபாகத்தை எழுதி முடித்தார்.

இப்புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஓர் உண்மை விளங்கும். பள்ளிகள் குன்றுகளில் இருந்தன. ஆயினும் ஊரினின்றும் வெகுதொலைவில் இல்லை. பெருவழிக்கும் நீர்நிலைக்கும் அருகிலேயே இருந்தன. காரணம் எளியது: துறவி சமைத்து உண்ணார். அவருக்கு உணவளிக்கும் இல்லறத்தார் நடந்து செல்லும் தொலைவில் இருத்தல் வேண்டும். செட்டிகுளம் என்னும் பெயரிலேயே வணிகனும் நீர்நிலையும் சேர்ந்திருக்கக் காண்கிறோம். பெயரளவில் இவ்வூரில் சமணப் பள்ளி இருந்ததென்று முடிவு கட்டலாகாது. ஆனால் அறம் எத்தகைய ஊர்களை நாடிச் சென்றது என்பதை உணர்த்த இப்பெயர் நல்ல எடுத்துக்காட்டாகும்.

நிலைத்த இடமும் நீங்கிய இடமும்

கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் அரச ஆதரவு குறைந்தமையே நம் சமயத் தளர்ச்சிக்குக் காரணம் என்பர். அது முழு விடையன்று. அதற்குப் பின்னரும் கழுகுமலையில் ஆண், பெண் துறவியரும் இல்லறத்தாரும் தீர்த்தங்கரர் திருமேனிகள் பலவற்றைச் செய்வித்தனர். பின்பு அவ்வட்டாரத்தில் இல்லறத்தார் அருகினர். கற்கள் மட்டுமே எஞ்சின. மேல்சித்தாமூரிலும் வந்தவாசி, செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களிலுமோ, உழவுத் தொழில் புரியும் குடும்பங்கள் நாள்தோறும் சினாலயத்தில் விளக்கேற்றின. அங்கே அறம் இன்றும் வாழ்கின்றது. அரசன் கொடுத்தது பள்ளிக்கு நிலம். சமயத்திற்கு உயிர் கொடுத்தது குடும்பம்.

கடல் கடந்த வரலாறும் இதனையே உறுதி செய்கின்றது. 1893இல் சிகாகோ சமயப் பேரவையில் நம் சமயம் பற்றிப் பேசிய வீர்சந்த் காந்தி ஓர் இல்லறத்தாரே. ஆப்பிரிக்காவிலும் இங்கிலாந்திலும் கோயில் எழுப்பியவர்கள் அங்குக் குடியேறிய வணிகக் குடும்பத்தினரே. துறவியரின் கால் செல்லாத இடத்திற்கு இல்லறத்தார் அறத்தை எடுத்துச் சென்றனர்.

நம் கடமை

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சமணர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் இதில் அடங்குவர். நம் பிள்ளைகள் கல்வியும் பணியும் நாடிச் சிற்றூரை விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் செல்கின்றனர். செல்வது தவறன்று, அறமும் நடந்து வந்ததே. அவர்களுடன் அது செல்கின்றதா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

ஆதலின் ஒவ்வொரு குடும்பமும் விடுமுறையில் ஒரு மலைப்பள்ளிக்கேனும் பிள்ளைகளை அழைத்துச் செல்க. வயலிலோ ஏரிக்கரையிலோ திருவுருவம் ஒன்று காணின், தலைக்கு மேல் முக்குடை உண்டா, மேனி ஆடையற்றதா என நோக்குக. புத்தர் எனக் கருதப்படும் உருவங்களுள் நம் தீர்த்தங்கரர் சிலரும் உளர். கண்டதை இடம்பெயர்க்காமல் தொல்லியல் துறையினருக்குத் தெரிவிக்க. பின்னர் வீட்டிலுள்ள வரைபடத்தில் அவ்விடத்தில் ஒரு புள்ளி இடுக. கூடவே, நம் குடும்பம் இன்று வாழும் ஊரிலும் ஒரு புள்ளி இடுக.

அறம் வளர்க!