ஒரே பேனலில் கரண்டும் வெந்நீரும்: கணக்கு என்ன சொல்கிறது?

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி எட்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். கேன் கழுவ தினமும் வெந்நீர் வேண்டும். கரண்டும் வெந்நீரும் சேர்த்துத் தரும் சோலார் பேனலுக்கு ஒரு விலைப்புள்ளியோடு வந்தார். "சார், இதுக்கு லோன் போடலாமுங்களா?"

பேனலின் முதுகில் தண்ணீர்க் குழாய் ஓடும். அவ்வளவுதான் சங்கதி. சாதாரண பேனல் தன்மேல் விழும் வெயிலில் சுமார் 20 சதத்தைத்தான் கரண்டாக்கும். மீதியில் பெரும்பகுதி சூடாகி வீணாகிறது. அந்தச் சூட்டையும் தண்ணீரில் பிடித்தால் மொத்தத் திறன் 60, 70 சதம் என்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் கரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் ஒரே தராசில் போட்டுக் கூட்டிய எண் அது. பாங்கில் இருந்தபோது இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் கரண்டு ஏறக்குறைய 0.4 சதம் குறையும். சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரியைத் தொட்டால் 16 சதம் போச்சு. அதைக் குளிர வைக்கணும்னா தண்ணீர் 35, 40 டிகிரியிலேயே வெளியே வந்துடணும். கேன் கழுவ 60 டிகிரி வேணும்னா பேனலும் அதுக்கு மேல்தான் நிற்கும்; கரண்டு லாபம் கையை விட்டுப் போயிடும்.

இப்ப பணத்துக்கு வருவோம். 2 கிலோவாட்டுக்கு அவர் கொண்டுவந்த விலை 2,60,000 ரூபாய். அதே அளவு சாதாரண பேனலும் 200 லிட்டர் வாட்டர் ஹீட்டரும் தனித்தனியாக விசாரித்தோம்: 1,60,000. கூடுதல் ஒரு லட்சம். 2 கிலோவாட் நாளுக்குச் சராசரி 8 யூனிட் தந்தால் வருஷத்துக்கு 2,920. குளிர்ச்சியால் 8 சதம் கூடுகிறது என்று தாராளமாகவே வைப்போம்: 234 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 1,872 ரூபாய். அந்த ஒரு லட்சத்துக்கு 9 சத வட்டி மட்டுமே 9,000! பம்புசெட் கரண்டு நமக்கு இலவசம் என்பதால் அந்தப் பக்கமும் மிச்சம் காட்ட முடியாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குழாயில் படிவு கட்டும் தொல்லை வேறு.

கூரை குறுகலாக இருக்கும் டவுன் கட்டடங்களுக்கு இது சரி. நம்மிடம் இடத்துக்கா பஞ்சம்? நம் ஆட்களில் மலைப்பகுதியில் சாண எரிவாயு வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். கலனுக்குள் நுண்ணுயிர்கள் 35 டிகிரி சுமாரில்தான் நன்றாக வேலை செய்யும். குளிரில் வாயு குறைந்துவிடும். அங்கே வெதுவெதுப்பான தண்ணீரே போதும்.

தம்பி இப்போதைக்கு வாட்டர் ஹீட்டர் மட்டும் வாங்கியிருக்கிறார். 200 லிட்டரை 30லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 7 யூனிட் கரண்டு வேண்டும். அது தினமும் மிச்சம். லோன் போடவில்லை.