பைட்டும் பைட்டும் சேர்ந்தால் பைட்டா?

கேள்வி: ஜாவாவில் இரண்டு பைட் மாறிகளைக் கூட்டி இன்னொரு பைட்டில் வைத்தால் கம்பைலர் மறுக்கிறதே, ஏன்?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: கூட்டல் அப்படி அடங்கி நிற்பதில்லை. 8 பிட் கொண்ட ஜாவா பைட்டில் -128 முதல் 127 வரைதான் இடம். 100-ம் 100-ம் சேர்ந்த 200 அதில் கொள்ளாது. வெட்டித் திணித்தால் -56 ஆகிவிடும். அதனால் கூட்டுமுன்பே இரண்டையும் 32 பிட் இன்ட்டாக உயர்த்துகிறது ஜாவா. சி மொழியிலிருந்து வந்த வழக்கம். திரும்பச் சுருக்கினால் மதிப்பு கெடலாம் என்பதால், அந்தப் பொறுப்பை உங்களிடமே எழுதி வாங்குகிறது. தமிழைக் கையாள்பவருக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 'அ' என்ற எழுத்து யூடிஎஃப்-8 முறையில் 224, 174, 133 என மூன்று பைட்டுகள். ஜாவா பைட்டில் அவையே -32, -82, -123. இன்ட்டாக உயர்ந்தாலும் அந்தக் கழித்தல் குறி போகாது. 255-உடன் பிட் வாரியாக 'ஆண்ட்' செய்தால்தான் 224 திரும்பக் கிடைக்கும்.

10-ம் 20-ம் கூட்டினால் 30தானே, அதற்கும் ஏன் தடை என்பீர்கள். நேரடி எண்களாக எழுதினால் கம்பைலர் ஏற்கவே செய்யும். மாறியில் ஓடும்போது என்ன வரும் என்று அதற்குத் தெரியாது. வலுவான ஆட்சேபம் வேறு: கூட்டல் குறியையும் சமக் குறியையும் ஒட்டி எழுதும் சுருக்க வடிவில் இதே ஜாவா சத்தமில்லாமல் வெட்டிவிடுகிறது. முன்வாசலில் பூட்டு, கொல்லைப்புறம் திறப்பு! ரஸ்ட் மொழி வகையை மாற்றாமலே கூட்டி, மீறினால் சோதனை பில்டில் நிரலை நிறுத்துகிறது. இதுவே நேர்மையானது என்பேன். ஆனால் வெளியீட்டு பில்டில், நாம் மாற்றிச் சொல்லாதவரை, அதுவும் சுற்றிவிட்டுப் போய்விடும்.