மெய்நிகர்க் கண்ணாடியில் இணைப்பு வரவில்லையா?

40 நிமிடப் பாடவேளையில் மெய்நிகர்க் கண்ணாடி இணைப்பின்றி நின்றால், வரிசையில் காத்திருக்கும் குழந்தைக்கு முறை வராமலே மணி அடித்துவிடும். கருவி பழுது என்று முடிவு செய்யும் முன், ஒரு கண்ணாடி மட்டும் நிற்கிறதா, எல்லாமே நிற்கின்றனவா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் என்றால், அதை அணைத்து மீண்டும் இயக்குங்கள். வைஃபை கடவுச்சொல்லைப் புதிதாக இடுங்கள். எல்லாமே என்றால், ரௌட்டரைக் கவனியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டிச் செல்லும். ஆனால் புளூடூத் உள்ளிட்ட பல கருவிகள் அதையே பயன்படுத்துவதால் நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவரைத் தாண்டினால் வலுவிழக்கும். எனவே ரௌட்டரை வகுப்பறைக்குள்ளேயே உயரமான இடத்தில் வைத்து, 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

பாடக் காணொலிகளை முதல் நாளே கண்ணாடிகளில் பதிவிறக்கி வையுங்கள். இணையம் நின்றாலும் கடைசிக் குழந்தைக்கும் முறை வரும்.